தப்பிச்ச பெட்டி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கதை கட்டத் தெரியாது. அடுத்தவன் சொன்னதைச் சுலபத்தில் நம்புகிறவனும் இல்லை. இது போன சித்திரையில், பாபநாசத்துக்கு மேற்கே கல்யாண மண்டபம் கட்டிய இடத்தில், பட்டப்பகலில் நடந்தது. நான் அங்கே வாட்ச்மேன்.

வாரம் ஒருநாள் ஃபெபி என்று ஒரு பொண்ணு வரும். பாதுகாப்பு பார்க்கிற ஆபீசர். அதுதான் கேட்டில் ஒரு தகரப் பெட்டியை மாட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தது. அடிபட்டால்தான் என்று இல்லையாம், நூலிழையில் தப்பித்தாலும் எழுதிப் போட வேண்டுமாம். பக்கத்தில் வெள்ளைச் சீட்டுப் புத்தகம் தொங்கியது. ஆட்கள் அதற்குத் தப்பிச்ச பெட்டி என்று பேர் வைத்தார்கள். மூன்று மாதத்தில் ஒரு சீட்டு விழவில்லை.

எப்படி விழும்? தப்பித்ததை வெளியே சொன்னால் கண்டம் திரும்பி வரும் என்பது எங்கள் ஆட்கள் கணக்கு. விழுந்த இடத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒரு திங்கட்கிழமை, சாமான் ஏற்றுகிற விஞ்சின் கம்பிக்கயிறு நழுவி, கான்கிரீட் வாளி சர்ரென்று இறங்கியது. கீழே நின்ற சித்தாள் சுடர்விழிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவள் சீட்டு எழுதத்தான் போனாள். சூப்பர்வைசர் அன்பரசன் மறித்து, பழத்தை நசுக்கினான்.

"கண்டம் கழிஞ்சிருச்சும்மா. எழுதுனீன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க பெரியவரே."

"பேசாம போயி வேலையப் பாரு" என்றேன். அப்படிச் சொன்ன என் வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும்.

செவ்வாய். மதியம் 1.12. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நிழலில் தூக்கம். விஞ்சின் சுவிட்ச் அணைத்துக் கிடந்தது. ஆனால் விஞ்சு ஓடியது. கிர்ர்ர்... நின்றது. பிறகு பெட்டிக்குள்... டக்.

திறந்தேன். ஒரு மஞ்சள் சீட்டு. ஈரம். 'விஞ்சு கயிறு. ஆள் தப்பியது.' மேலே அச்சடித்த நம்பர் எட்டு. எங்கள் வெள்ளைப் புத்தகத்தில் ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

அன்பரசனிடம் நீட்டினேன். "என்ன பெருசு, வெயில்ல மண்டை காஞ்சிருச்சா?" கிழித்துப் போட்டான்.

புதன். 1.12. கிர்ர்ர்... டக். நம்பர் ஒன்பது. அதே எழுத்து. அதையும் கிழித்தான். அவன் மேல் வந்த எரிச்சலில் எனக்குப் பயம்கூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

1.12.

கிர்ர்ர்...

பக்கத்தில் யாரும் இல்லை. வெட்டிய ஈரமண் வாசனை மட்டும்...

டக்.

பத்து. 'விஞ்சு கயிறு. ஆள் தப்பாது.'

ஓடினேன். விஞ்சின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகினேன். ஒன்றரைக்கு வேலை தொடங்க வந்த அன்பரசன் என் சட்டையைப் பிடித்தான்.

"கயித்தப் பூரா இறக்கிப் பாரு. அப்புறம் தரேன்" என்றேன்.

வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு இறக்கினார்கள். உருளையின் உள்சுற்றில் கயிற்றின் ஒரே ஒரு புரி மட்டும் அறாமல் மிச்சம். அடுத்த வாளிக்கே அறுந்திருக்கும் என்றான் மெக்கானிக். அன்று சாயங்காலமே என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சனிக்கிழமை ஃபெபி என் வீட்டுக்கு வந்தது. பத்தாம் சீட்டைக் காட்டினேன். நம்பரைத் தொட்டுப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னது.

அந்த விஞ்சு முன்பு நாகப்பட்டினத்தில் ஓடியதாம். அங்கே சீட்டுப் புத்தகம் மஞ்சள். ஆரோக்கியமேரி என்ற சித்தாள் ஏழு தடவை எழுதி நீட்டினாள், வாங்க ஆள் இல்லை. ஒருநாள் மதியம் 1.12க்கு வாளி அவள் தலையில் விழுந்தது. அவள் அம்மா வயிற்றெரிச்சலில், மிச்சம் இருந்த புத்தகத்தைச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

"புதைக்கிறப்ப நான் நின்னேங்கய்யா. அம்பது சீட்டுப் புத்தகம், ஏழுதான் கிழிஞ்சிருந்துச்சு."

கயிற்றை மட்டும் மாற்றி, அந்த விஞ்சை இப்போது திருவிடைமருதூர் பக்கம் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தேன். அங்கே பெட்டியே மாட்டவில்லை.