கேட்டுக்கு வெளியே கணக்கு மிஸ்

போன திங்கட்கிழமை ஒரு டீச்சரை, அவள் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துக்கே ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கினேன். அரை மணி நேரத்தில் அப்படியே திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் இந்த வாரம் என் சமையல் சொதப்பல், வீட்டுக்காரரின் நைட் ஷிஃப்ட் புராணம் எதுவும் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சரின் பெயர் அனிதா. எங்கள் பின்வீட்டு மருமகள். குறிஞ்சிப்பாடிப் பெண். எம்.எஸ்சி. கணிதம். மாமனாருக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை, வருகிற தை மாதத்தோடு ரிட்டயர்மென்ட். புருஷனுக்கு அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை.

நெய்வேலிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெர்மனென்ட் ஆள் ரிட்டயர் ஆனால் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கான்ட்ராக்ட் ஆளை நம்பி யாரும் குவார்ட்டர்ஸ் கொடுப்பதில்லை. ஆக, தை முடிந்ததும் அந்தக் குடும்பம் சட்டி பானையோடு வெளியே வந்தாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பே இதையெல்லாம் யோசித்து மாமனார்தான் சொன்னார்: "நீ பி.எட். படிச்சிடும்மா. வீட்ல ஒருத்தருக்காவது நிலையான வேலை வேணும்."

படித்தாள். ஆனால் சேருவதற்குள்ளேயே பாதி படிப்பு முடிந்த மாதிரி ஆகிவிட்டது!

டிகிரி வேண்டும், அதில் இத்தனை சதவீதம் வேண்டும், படித்த பாடம் பள்ளிக்கூடத்தில் நடத்துகிற பாடமாக இருக்க வேண்டும். சரி, நியாயம். சாதிச் சான்று, மாற்றுச் சான்று... அதுவும் சரி. மருத்துவர் கையெழுத்துப் போட்ட உடல் தகுதிச் சான்று. பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி அதை வாங்கினாள். தகுதியைப் பார்க்க அந்த மாடிப்படியே போதாதா? அப்புறம் நன்னடத்தைச் சான்று. கல்யாணத்துக்கு முன்னால் படித்த கல்லூரிக்குப் போய், இவள் முகத்தையே பார்த்திராத ஒருவரிடம் 'இவர் நல்லவர்' என்று எழுதி வாங்கி வந்தாள். எங்களைக் கேட்டிருந்தால் பிளாக்கே சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கும்.

இரண்டாம் வருஷம் இன்டர்ன்ஷிப். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சில மாதங்கள் நிஜமாகவே பாடம் நடத்த வேண்டும். முடித்ததும் தலைமையாசிரியர் 'இவர் பயிற்சியை முடித்தார்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வராது. அனிதாவுக்குக் கிடைத்தது டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. முதல் நாளே தலைமையாசிரியை அம்மா அவளை நேராகப் பத்தாம் வகுப்புக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டார்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே ஏற்கெனவே இருக்கிற ஆசிரியர் நடத்துவதை முதலில் கவனிக்க வேண்டும். அதுதான் முறை. அனிதாவும் பின் பெஞ்சைப் பார்த்திருக்கிறாள். பிறகு போர்டைப் பார்த்திருக்கிறாள். அங்கே யாரும் இல்லை.

கணக்குக்கு ஆசிரியரே கிடையாது. போஸ்ட் காலி. வருஷா வருஷம் பயிற்சிக்கு வருகிற பெண்கள்தான் அங்கே கணக்கு டீச்சர். அவர்கள் போனால் கணக்கும் போய்விடும்.

அனிதாவும் லேசுப்பட்டவள் இல்லை. அட்டையை வெட்டி வட்டம், முக்கோணம் எல்லாம் செய்தாள். கோணம் அளக்க ஒரு கருவி செய்து, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்க் கொடிக்கம்பத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க வைத்தாள். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வேறு. பயிற்சிக் காலம் முடிந்தது. கையெழுத்து கேட்டால், "ரிவிஷன் முடியட்டும்மா" என்றார் தலைமையாசிரியை. ரிவிஷன் முடிந்தது. "இன்னொரு ரிவிஷன் இருக்கேம்மா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்... சும்மா இருப்பேனா? ஒருநாள் நானே கூடப் போய்ச் சண்டை பிடித்தேன். இந்தப் பெண்ணின் பரீட்சையோடு விளையாடுகிறீர்களா என்று கேட்டேன்.

அந்த அம்மா கத்தவில்லை. "நீங்க கேக்கறது நியாயம் மேடம். நான் செய்யறது தப்புன்னும் தெரியும். ஆளு கேட்டு நான் எழுதாத லெட்டர் இல்ல. இந்தப் பொண்ணு போயிட்டா பப்ளிக் எக்ஸாமுக்கு அந்தப் பிள்ளைங்க முன்னாடி நான் யாரைக் கொண்டுவந்து நிறுத்தறது? நான் தமிழ் டீச்சர்" என்றார்.

சண்டை பிடிக்கப் போன நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்தேன். நான்!

வெளியே வந்ததும் அனிதா என்னையே சமாதானப்படுத்தினாள். "வுடுங்கக்கா. அவங்க புடிச்சி வச்சிகினு இருக்காங்கன்னு நினைக்காதீங்க. பாதிக் கணக்குல வுட்டுட்டு வர எனக்கும் மனசு வரல."

கையெழுத்து கடைசி நாளில் கிடைத்தது. அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் கணக்கில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. தலைமையாசிரியைக்கு எங்கேயோ கூட்டத்தில் சால்வை போட்டார்களாம். அனிதாவும் பி.எட். நல்ல மார்க்கில் பாஸ்.

இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அரசுப் பள்ளியில் ஆசிரியராக பி.எட். மட்டும் போதாது. டெட் என்கிற தகுதித் தேர்வில் பாஸாக வேண்டும். அதற்கு மேல் நியமனத் தேர்வு என்று இன்னொன்று. இந்த டெட், சரியாக அவள் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் வந்தது. பகலெல்லாம் பள்ளிக்கூடம், ராத்திரி பையனுக்குச் சோறு, மாமனாருக்கு டிபன் பாக்ஸ். எப்போது படிப்பாள்? கணக்கில் பிரமாதமாகப் போட்டாள். அறிவியலும் குழந்தை உளவியலும் காலை வாரிவிட்டன. கொஞ்ச மார்க்கில் போய்விட்டது.

பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ். டீச்சர் ஃபெயில். அதுவும் குழந்தைகளின் மனதைப் புரிந்துகொள்ளும் பாடத்தில்! இதை எந்த ஊரில் போய்ச் சொல்வது?

அடுத்த டெட் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. தை மட்டும் எப்போது என்று தெரியும். அதனால்தான் போன திங்கட்கிழமை. அதே பள்ளியில் தற்காலிகமாகவாவது போடுவார்களா என்று கேட்கப் புறப்பட்டாள். கையில் சான்றிதழ் ஃபைல். ஸ்கூட்டரில் என் காலடியில் ஒரு பெரிய பை. அந்த அட்டை வட்டங்களும் முக்கோணங்களும்தான். "எதுக்குடி இதெல்லாம்?" என்றேன். "இன்னைக்கே கிளாஸுக்குப் போகச் சொன்னாங்கன்னா?" என்றாள்.

கேட்டைத் தாண்டும்போது தண்ணீர்க் குழாயடியில் நின்ற மாணவிகள் ஓடி வந்தார்கள். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பு, இப்போது பத்தாம் வகுப்பு. "மிஸ், இனிமே நீங்கதானே எங்களுக்கு?" என்றாள் ஒருத்தி. அனிதா சிரித்தாள். அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிவிட்டு நடந்தாள்.

தலைமையாசிரியை எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நிஜமான பிரியம், பொய்யில்லை. ஃபைலைப் புரட்டினார். டெட் எங்கே என்று கேட்கவில்லை, முகத்திலேயே புரிந்துகொண்டார்.

"தற்காலிகம்னாலும் டெட் பாஸ் பண்ணவங்களைத்தான் போடணும்ங்கறாங்கம்மா. நானா வேணாம்ங்கறேன்? எனக்கும் இந்த வருஷம் யாரும் இல்ல. நல்லவேளை, இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு. அதை வச்சு ஓட்டிகிட்டு இருக்கேன்."

என் மரமண்டையில் அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் அனிதாவிடம் பி.எட். இல்லை, டெட் இல்லை. ஆனால் இந்த அம்மாவால் அவளைத் தைரியமாக வகுப்பில் விட முடிந்தது, ஏனென்றால் அவள் கற்றுக்கொள்ள வந்தவள். இப்போது கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போதுதான் விட முடியாது.

அந்த நேரம் பார்த்து அந்தப் புதுப் பெண்ணே சாக்பீஸ் எடுக்க உள்ளே வந்தாள். சின்னப் பெண், புடவை இன்னும் பழகவில்லை. அனிதா யார் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நீங்கதானா மிஸ்? பசங்க உங்களைப் பத்தியே சொல்றாங்க. கொடிக்கம்பத்தை அளந்தீங்களாமே... அந்தக் கருவி உங்ககிட்ட இருக்குங்களா?"

பை என் மடியில் இருந்தது. நான் கொடுத்திருக்க மாட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். அனிதா வாங்கினாள், வராண்டாவில் உட்கார்ந்தாள், ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாள். எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், கடைசி பெஞ்சில் யாரைத் தினமும் போர்டுக்குக் கூப்பிட வேண்டும், எல்லாம் சொன்னாள். தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

பெல் அடித்தது. புதுப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனாள். நாங்கள் கேட்டுக்கு வெளியே வந்தோம்.

திரும்பும் வழியெல்லாம் நான்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அரசாங்கத்தை, கல்லூரியை, தேர்வை, தையை. எங்கள் பிளாக் வந்ததும் அனிதா இறங்கி, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பொண்ணு நல்லா நடத்தும்க்கா. சொன்னத டக்குனு புடிச்சிக்குது. பசங்க பொழச்சிக்கும்."

உண்மைதான், கெட்டிக்காரப் பெண். பி.எட். இன்னும் பாஸாகவில்லை... அதுவரைக்கும் அவளுக்கு அங்கே வகுப்பு உண்டு.