வார் இறுக்கமாகத்தான் இருந்தது

எண்பதுகளில் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் எனக்கு சொல்யூஷன் பூசும் வேலை. காற்று பட்டால் பசை சட்டென்று காய்ந்துவிடும் என்று ஜன்னல்களை நாங்களே சாத்திவைப்போம். திறந்தவளோடு சண்டைக்கும் போயிருக்கிறேன். நெடியில் தலை கிறுகிறுக்கும். டீ குடித்துச் சமாளிப்போம். அந்தப் பசை நெடி நரம்பையும் தின்னும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நடக்கையில் செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. செருப்பு தைப்பவரிடம் போய், வாரைச் சரியாகத் தைக்கவில்லை என்று கத்தினேன்.

"வாரு டைட்டாதாம்மா கீது. கால்ல இன்னா ரத்தம்?" என்றார்.

குதிகாலில் ஓர் ஆணி ஏறியிருந்தது. குறடால் பிடித்து இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆணி அவர் கைக்கு வந்துவிட்டது. நான் இன்னும் வலிக்காகக் காத்திருந்தேன்.