நடுவில் ஓர் ஆள் இடம்

அலிபிரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஐந்தரை. திருமலைக்குப் படியேறுகிற முகங்களைப் படமெடுப்பது திட்டம். பெரம்பூரில் வீடு, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, பதினைந்து வருடமாகக் கேமராப் பித்து. எங்கள் புகைப்படச் சங்கத்தில் மூன்று முறை ஆறுதல் பரிசு வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் போகவில்லை.

பத்து மணிக்குள் இரண்டு ரோல் தீர்ந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கலர் லேபில் கழுவக் கொடுத்து, மதியம் போய் வாங்கினேன். எல்லாப் படமும் தெளிவு. ஒன்றைக்கூட இரண்டாம் முறை பார்க்கத் தோன்றவில்லை.

நிமிர்ந்தபோது மேசைமேல் வேறு யாருடையதோ ஒரு படம் கிடந்தது. ஒரு பெஞ்சில் ஐந்து பேர். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள், யாரோ அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருப்பது போல லேசாக ஒதுங்கியிருந்தார்கள். படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"அந்த எடத்து ஆளு குவைத்ல கீறாரு சார்," என்றார் லேப்காரர். "பாஸ்போர்ட் படத்த வெட்டி அந்த எடத்துல ஒட்டி, திரும்ப போட்டோ புடிப்பாங்க. சித்தூர்ல ஸ்டுடியோ வெச்சிக்கிற லலிதா எடுத்தது."

அன்றிரவே சென்னை திரும்ப வேண்டியவன் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டு, மறுநாள் காலை சித்தூர் பஸ் ஏறினேன். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்.

ஒன்பதரைக்கு ஸ்டுடியோவைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் எஸ்.டி.டி. பூத். இரண்டு வாசலிலும் கூட்டம். வெளிநாடு போகிறவர்கள் படத்துக்கும், போனவர்களின் ஆட்கள் போனுக்கும் நின்றார்கள். லலிதாவுக்கு முப்பது வயதிருக்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வந்த காரணத்தைச் சொன்னேன்.

"பதினோரு மணிக்கு ஒரு ஊருக்குப் போறேன். வர்றதுன்னா வாங்க சார். பேசாம நிக்கணும்."

அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். வேலூர் சாலையில் பதினைந்து கிலோமீட்டர், அப்புறம் மாந்தோப்புகளுக்கு நடுவே மண்பாதை. அந்த வீட்டார் கேட்டுக்கொண்டதால் ஊர்ப்பெயரை எழுதவில்லை.

நல்ல வெயில். தெருவில் பாதி வீடுகள் புதுசு. கம்பி நீட்டிக்கொண்டு, பூச்சு முடியாமல், பூட்டிக் கிடந்தன. நடுவயது ஆண் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. எங்கோ ஒரு ரேடியோ தெலுங்கில் பேசிக்கொண்டே இருந்தது. கேட்க ஆள் இருந்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் போனது கஸ்தூரி வீட்டுக்கு. மாந்தோப்பில் கூலி வேலை செய்பவர். அவர் கணவர் முனிரத்தினம் டிரைவராகக் குவைத் போனவர். ஒன்றரை வருடமாகக் கடிதம் இல்லை, போன் இல்லை. வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டிருந்தார்கள். ஒரு ஓரம் முனிரத்தினத்தின் அப்பா. இரண்டு கண்ணிலும் புரை. மறு ஓரம் கஸ்தூரி, மடியில் மகள். லலிதா சொல்லாமலே நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

அவர் கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. வெளிச்சம் அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போய், அந்த இடத்தில் குனிந்தேன்.

பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எப்படா வந்தே?"

பிடி இறுகியது. விரல்கள் என் உள்ளங்கையை மெல்லத் தடவின.

"கை ஏன்டா இப்டி மெத்துன்னு ஆயிட்ச்சி?"

தாத்தா முகத்தைப் பார்த்த குழந்தை என் பக்கம் திரும்பி, "நைனாவா?" என்று அம்மாவைக் கேட்டது. கஸ்தூரி எழுந்து வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். "இல்ல மாமா. போட்டோகாரரு."

லலிதா கேமராவைக் கீழே இறக்கியிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான், எல்லோரும் மறுபடி அமைதியான பிறகு, ஒரே ஒரு படம் எடுத்தார்.

கிளம்பும்போது கஸ்தூரி மொபெட் வரை வந்தார். "அவரு படத்த ஒட்ட வேணாங்கா. அதுல கண்ணு வேற எங்கியோ பாக்குது. அந்த எடம் சும்மாவே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் கேட்டேன்: "பெரியவர் என் கையைப் பிடித்தாரே, அதுதானே படம்? ஏன் எடுக்கவில்லை?"

"எடுத்துக்கினு போயி அந்த வூட்டு செவுத்துல எங்க சார் மாட்றது?"

மாலை மூன்றரைக்குச் சென்னை பஸ் ஏறியபோதும் உள்ளங்கையில் அந்த விரல்கள் ஊர்வது போலவே இருந்தது. இரண்டு முறை துடைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பெரம்பூருக்கு ஒரு தபால் வந்தது. முனிரத்தினம் திரும்பிவிட்டார், அங்கே முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தாராம் என்று லலிதா எழுதியிருந்தார். கூட ஒரு படம். கட்டிலின் நடுவில் முனிரத்தினம், எலும்பும் தோலுமாக. ஒரு ஓரத்தில் அப்பா, கைகளைத் தன் முழங்கால்மேல் வைத்தபடி. மறு ஓரத்தில் கஸ்தூரியும் மகளும். முனிரத்தினத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. குழந்தை தாயின் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

கிட்ட உட்காருங்கள் என்று லலிதா சொல்லவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.