அண்ணாந்து ஒரு மடக்கு

இந்த ஊரில் என்னை எல்லாரும் வேடிக்கை பார்ப்பது என் நிறத்துக்காக இல்லை, மே மாதத்திலும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிவதற்காகவும் இல்லை. நான் தண்ணீர் குடிப்பதைத்தான் பார்க்கிறார்கள். வட இங்கிலாந்தில் ஒரு சின்ன நகரத்து முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வேலைக்கு நடுவே ஊழியர் அறைக்குள் போய், பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் கடகடவென்று ஊற்றிக்கொள்வேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். இவர்களுக்கு அது சர்க்கஸ். வந்த புதிதில் என் மேற்பார்வையாளர் ஜேனட் மிகுந்த அக்கறையோடு, "உனக்கு பிளாஸ்டிக் அலர்ஜியா?" என்று கேட்டார். எச்சில் படக்கூடாது, அதனால்தான் என்று விளக்கப் பார்த்தேன். அவர் முகத்தில் அருவருப்பும் கோபமும் வந்தன. யாரோ என் பாட்டிலில் துப்பிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு, அன்றைக்கே விசாரணைக்குக் கிளம்பிவிட்டார். அவரை உட்கார வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எச்சில் பண்ணிக் குடிக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அம்மா. எனக்கு மட்டுமில்லை, சாந்தோமில் பாதிப் பேருக்கு. மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகவே வேலைக்குச் சேர்ந்து, ஒன்றாம் வகுப்பு டீச்சராகவே ஓய்வு பெற்றாள். வகுப்பு மூலையில் ஒரு பானை, அதன்மேல் ஒரே ஒரு டம்ளர். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தெரியாமல் மூக்கிலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டு நிற்கும். டம்ளரில் வாய் வைத்த பிள்ளையின் காது அம்மாவின் விரல்களுக்கு நடுவே இருக்கும். அந்தக் காதுகளில் என்னுடையதும் ஒன்று. அப்பா போன பிறகு அவளும் நானும்தான். நான் இங்கே வந்த இரண்டாம் வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. விழுங்கும் சக்தியும் பாதி போயிற்று. இங்கிருந்தே போன் போட்டு, கோயிலில் தெரிந்தவர்கள் மூலமாகத் திருவான்மியூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். ஊரார் அம்மாக்களுக்குச் சோறு ஊட்டுவதற்கு நான் இருக்கிறேன், என் அம்மாவுக்கு ஊட்ட யாரோ ஒருத்தி. இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் இந்தச் சம்பளம் இல்லையென்றால் அந்த இல்லமும் இல்லை.

இந்த வருடம் விடுப்பு கிடைத்ததும் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராகத் திருவான்மியூருக்குப் போனேன். மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் அம்மா சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினாள். பக்கத்தில் இளஞ்சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண், நந்தினி என்று பெயர், கையில் டம்ளரோடு நின்றிருந்தாள். "டீச்சரம்மா, யாரு வந்துகீறாங்க பாத்தியா? தண்ணி குட்ச்சிட்டு பேசலாம், இன்னா?" என்றாள். அம்மாவின் மோவாயைச் செல்லமாகப் பிடித்து மேலே தூக்கினாள். "அண்ணாந்துக்கோ." ஒரு மடக்கு ஊற்றினாள். அம்மாவுக்குக் கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, உடம்பே குலுங்கும்படி இருமல் வந்தது. நான் போட்ட சத்தத்தில் டம்ளர் கீழே விழுந்துவிட்டது.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அண்ணாந்து ஊற்றினால் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். காய்ச்சலாக ஆரம்பித்து ஆளையே கொண்டுபோய்விடும். அம்மாவுக்கு இந்த வருடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை காய்ச்சல் வந்து போயிருந்தது. இரண்டு முறையும் போனில் என்னிடம் "சீசன் மேடம், எல்லாருக்கும் இருக்கு" என்றார்கள். நானும் சரி என்று வைத்துவிட்டேன்.

"இன்னாக்கா செய்ய சொல்ற? டம்ளர வாயாண்ட கொண்டும்போனா மூஞ்ச திருப்பிக்கிறாங்க. எச்சி வெச்சி குடிக்க மாட்டாங்கக்கா, டீச்சராச்சே. அண்ணாந்து ஊத்துனாத்தான் வாயே தொறக்கிறாங்க."

"இருமுறாங்களே, அது தெரியலையா உனக்கு?"

"எப்பவும் இருமிக்கினுதான் கீறாங்க. வயசானா அப்டித்தான்னு நெனச்சேன்."

"யாரும் சொல்லிக்கொடுக்கலையா?"

"யார் கீறா சொல்லிக்குடுக்க? வந்த அன்னிக்கே கோட்ட குட்த்து மாடிக்கு அனுப்ச்சிட்டாங்க. முன்ன இருந்த அக்கா அன்னியோட நின்னுட்ச்சி."

அவள்மேல் எழுந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அம்மாவின் மரியாதைக்குக் குறைவு வரக்கூடாதென்றுதான் அந்தப் பெண் அண்ணாந்து ஊற்றியிருக்கிறாள். அம்மாவும் தன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னபடியே தானும் வாயைத் திறந்திருக்கிறாள்.

நந்தினியின் குடும்பம் சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றியபோது பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம். இதற்கு முன்னால் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் இருந்தாளாம். அங்கே நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டும், இங்கேயாவது நடுவில் உட்காரலாம் என்று நினைத்து வந்திருக்கிறாள். படுக்கை விரிப்பைக்கூடப் பட்டுப்புடவை மாதிரிதான் மடிப்பாள், ஓரம் வெளியே தெரிகிறபடி. மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் பகலில் அவள் ஒருத்திதான். ஒருவரைக் கழிப்பறையில் உட்கார வைத்துவிட்டு வருவதற்குள் இன்னொருவர் மணியடிப்பார், மூன்றாமவர் படுக்கையை நனைத்திருப்பார். எல்லாரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுக்கு வைத்தியம் தெரியும் என்று அவர்களே நம்பியும் விட்டார்கள்.

நான் இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு என்ன பெரிதாகத் தெரியும்? கானா நாட்டுக்காரி கிரேஸ் என்கிற பெண் என்னை ஒரு வாரம் தன் பின்னாலேயே அலைய விட்டாள். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்காகக் குழகுழவென்று கெட்டியாக்கிய தண்ணீரை என்னையே குடிக்க வைத்து, மோவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கச் சொன்னாள். அந்த ஒரு வாரம் எனக்குக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். கிரேஸ் இப்போது இல்லை, முதுகு போய் வேலையை விட்டுவிட்டாள். இப்போது வருகிறவர்களுக்கு ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு அறைக்குள் அனுப்புகிறார்கள். என்னைப்போல் இங்கே வந்து இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே எல்லாம் ஒழுங்கு, அங்கே எல்லாம் மோசம் என்று எழுத எனக்குக் கை வராது.

கிரேஸ் எனக்குச் செய்ததைத்தான் நந்தினிக்குச் செய்தேன். தலையைத் தூக்கி ஒரு மடக்கு, தாழ்த்தி ஒரு மடக்கு என்று அவளையே குடிக்க வைத்தேன். "அய்ய, ஆமாக்கா, தொண்டயில வேற மாரி போவுது" என்றாள். ஆனால் டம்ளருக்குப் பதில் ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தபோது அம்மா மசியவில்லை. ஸ்பூனைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் அழுதேன். வழி கண்டுபிடித்தது நந்தினி. எங்கிருந்தோ ஒரு சிவப்பு நூல் கொண்டுவந்து ஸ்பூன் காம்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். "டீச்சரம்மா, இது ஒனக்கே ஒனக்கு. வேற யாரும் வாய் வெக்க மாட்டாங்கோ. ஒன் எச்சி ஒனக்குத்தான், அப்புறம் இன்னா?" அம்மா நூலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலையைத் தாழ்த்தி வாயைத் திறந்தாள். இருமல் வரவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, கிண்ணம் காலியாயிற்று. இனி நான் நிம்மதியாக விமானம் ஏறலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த நிம்மதியில்தான் மேனேஜரிடம் பேசப் போனேன். நல்ல மனிதர்தான், காபி வரவழைத்தார். நான் இங்கே, இங்கிலாந்தில், பேசிப் பழகிய மாதிரியே பேசினேன். இங்கே ஒரு தவறு நடந்தால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், அப்போதுதான் ஆளும் பயிற்சியும் கேட்க முடியும். அப்படித்தான் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். பெண் தங்கமான பெண், ஆனால் ஒற்றை ஆளாக, பழக்கமில்லாமல் எத்தனை பேரைப் பார்ப்பாள், இன்னொருவரைப் போடுங்கள், வருகிறவர்களுக்கு ஒரு வாரமாவது சொல்லிக்கொடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "புரியுது மேடம். ஃபாரின்ல இருந்து வர்றீங்க, ஸ்டாண்டர்ட் எதிர்பார்ப்பீங்க. நான் பார்த்துக்கறேன், நீங்க கவலையே படாதீங்க."

மறுநாள் காலை மாடியில் நந்தினி இல்லை. கீழே மேனேஜரிடம் ஓடினேன்.

"எடுத்துட்டோம் மேடம். கம்ப்ளெய்ன்ட்னு வந்துட்டா நாங்க வெச்சிக்கறதில்ல" என்றார். எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில்.

"நான் அவளைப் பத்திக் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே! இன்னொரு ஆள்தானே கேட்டேன்?"

"அதான் மேடம், வேற ஆள் போட்டாச்சு."

மாடிக்குத் திரும்பினேன். அதே கோட்டு, நந்தினியைவிடச் சின்னப் பெண் ஒருத்தியின் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஸ்பூன்களையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கழுவியிருந்தாள். நூலை அழுக்கு என்று நினைத்து அறுத்துப் போட்டிருந்தாள். அம்மா ஒவ்வொரு ஸ்பூனாகப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மிகவும் பணிவாக அம்மாவின் மோவாயைப் பிடித்து மேலே தூக்கினாள்.

விமானம் ஏற மீதமிருந்த ஒரு நாளில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வேறொரு நூல் கட்டினேன். நான் பேசிக்கொண்டிருந்தபோதே அவள் பார்வை கதவுப் பக்கம் போய்ப் போய் வந்தது. அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. நந்தினிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "வுடுக்கா, மறுபடி கடைக்கே போய்க்கிறேன்" என்றாள். ஏதோ யோசித்துவிட்டு, "அந்தப் பொண்ணாண்ட சொல்லிட்டியா? டீச்சரம்மாவ குனிய வெச்சித்தான் குடுக்கணும்னு?" என்று கேட்டாள்.

திரும்பி வந்து முதல் நாள் வேலை. டோரதி என்கிற அம்மையாருக்கு மோவாய்க்குக் கீழே கை கொடுத்து, தலையைத் தாழ்த்தி, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்தேன். அவர் ஒருமுறைகூட இருமவில்லை. இடைவேளையில் திருவான்மியூருக்குப் போன் போட்டேன். "நல்லா இருக்காங்க மேடம். லேசா இருமல், கொஞ்சம் காய்ச்சல். சீசன்தான்" என்றார்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். பார்க்கிறோம் மேடம் என்று வைத்துவிட்டார்கள்.

தொண்டை வறண்டு போயிருந்தது. பாட்டிலை எடுத்து வழக்கம்போல் மேலே தூக்கினேன். தலை அண்ணாந்தது, வாய் திறக்கவில்லை. பாட்டிலைத் தாழ்த்தி, உதட்டில் வைத்து, மோவாயை நெஞ்சோடு சேர்த்து ஒரு மடக்கு விழுங்கினேன். அந்த நேரம் உள்ளே வந்த ஜேனட் அதைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக என் தோளைத் தட்டி, "அப்பாடா, ஒருவழியாக எங்களில் ஒருத்தி ஆகிவிட்டாய்" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாயில் மிச்சமிருந்த தண்ணீர் இறங்க வெகுநேரம் பிடித்தது.