மறு மாதிரி தேவை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் பெரியம்மாவுக்கு ‘ஒரே குத்து’ என்று பெயர். நரம்பே தெரியாத கிழவராக இருந்தாலும், கையை உதறும் குழந்தையாக இருந்தாலும் ஊசி ஒருமுறைதான் இறங்கும். இருபத்தெட்டு வருடம் அப்படி. நாலு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, அவள் வலது கை மடியில் கிடந்து தானாக எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

“என்ன பெரியம்மா உருட்டுற?”

“மாத்திரை. கம்பெனிக்காரன் செய்யறது ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே.”

பார்க்கின்சன். ஊசியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, வார்டுகளிலிருந்து ரத்தத்தோடு வரும் குழாய்களை வாங்கிவைக்கும் மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கே அவளுக்கு ஒரு ரப்பர் முத்திரை: ‘மறு மாதிரி தேவை’. தாமதமாக வந்த ரத்தம், பெயர் ஒட்டாத ரத்தம், எதற்கும் மன்னிப்பில்லை.

குளுட்டாதயோனை அவள்தான் எனக்கு விளக்கினாள். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் தனக்கென்று தயாரித்துக்கொள்ளும் பொருள். அணு துருப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை. இந்த நோய்க்காரர்களின் மூளையில், அசைவை ஆளும் சின்னக் கரும்பகுதியில் அது வற்றிப்போகிறதாம். அதை ஊசியில் ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டாள். “ரத்தத்துலயே குறைஞ்சிருந்தா கொஞ்ச நாள் ஏத்திப் பாக்கலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன்” என்றார் அவர். கடைசிப் பாதி அவள் காதில் விழவில்லை.

“கல்யாணப் பொண்ணுங்க வெள்ளையாகப் போட்டுக்கற ஊசியாமே?” என்றார் பெரியப்பா. “உன்னை அடையாளம் தெரியாம வெளியில நிக்க வச்சிடப்போறேன்.”

“நிக்கறேன். கை நடுங்காம நின்னாப் போதும்.”

தன் ரத்தத்தைத் தானே எடுப்பேன் என்று அடம்பிடித்தாள். கூட வேலை பார்க்கும், நாங்கள் ‘கண்ணாடி’ என்று கூப்பிடும் பெண், “அக்கா, குடுங்கக்கா” என்று பின்னாலேயே நின்றாள். கொடுக்கவில்லை. இடது கையில் மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது. அதை உடனே அமிலம் வைத்த குழாய்க்கு மாற்றி ஐஸில் வைக்க வேண்டும். உறிஞ்சுகுழாய் விளிம்பில் தட்டித் தட்டி இரண்டு முறை கீழே விழுந்தது. மூடியைத் திருகி ஐஸில் வைப்பதற்குள் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிவு வந்தது. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. வீட்டுக்குள் நுழையும்போதே, “குறைஞ்சிருக்குங்க” என்றாள், பேரன் பிறந்த சேதி சொல்வதுபோல. பெரியப்பா டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினார்.

புதன்கிழமை மதியம் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். வார்டிலிருந்து குளுட்டாதயோன் குழாயோடு வந்த நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தாள். “இருபது நிமிஷம்தானேக்கா லேட்டு?”

“இருபது நிமிஷம் வெளியில கெடந்தா பாதி கரைஞ்சிடும்மா. அப்புறம் நம்பர் கம்மியாத்தான்…”

பெரியம்மா அங்கேயே நிறுத்திவிட்டாள். நர்ஸ் போன பிறகும் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து தன் அறிக்கையை எடுத்து மேசையில் விரித்தாள்.

“வேணாம் பெரியம்மா. டாக்டர் நம்பர மட்டும்தானே பாப்பாரு. ஏத்தட்டும்.”

“அந்த நம்பர் என் ரத்தம் இல்லடி. என் கை.”

முத்திரையை அழுத்தினாள், மை இழுவிக்கொண்டு போனது. “நீ பிடி” என்று என்னிடம் நீட்டினாள். அவள் எண்ணுக்கு மேல் நான்தான் குத்தினேன்.

மறு மாதிரியைக் கண்ணாடி எடுத்தாள். ஒரு நிமிடத்தில் குழாய் ஐஸில் இருந்தது. எண், யாருக்கும் இருப்பதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை டாக்டர் இரண்டு தாளையும் பார்த்தார். “ரத்தத்துல குறை இல்லம்மா. மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு இது சொல்லாது. இருக்கற எடத்துல கொண்டுபோய்க் கொட்டி என்ன ஆகப்போகுது?” பழைய மாத்திரையையே கொஞ்சம் கூட்டி எழுதினார். பெரியம்மா தலையாட்டினாளா, அதுவாக ஆடியதா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வலது கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன். உள்ளேயும் அது உருட்டிக்கொண்டேதான் இருந்தது.

“கண்ணாடி எடுத்தாளே, பாத்தியா?” என்றாள். “ஒரே குத்து.”