புரட்டாசிச் சனிக்கிழமையில் ஒரு மீன் விருந்து

காலை பத்தரை மணிக்கு மலேசியாவின் பொந்தியானிலிருந்து கிளம்பினோம். ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கார் ஓட்டியவர் குமரேசன் அண்ணன், என் பெரியப்பா மகன். அவரை நேரில் பார்த்ததே இந்தப் பயணத்தில்தான். மீன் லாரி ஓட்டுகிறார். எனக்கு விருந்து வைக்க அவர் கூட்டிப்போகும் உணவகத்துக்குப் பல வருடமாக மீன் இறக்குகிறவரும் அவர்தான். எல்லாம் பின்வாசல் வழியாக.

"இன்னிக்குத்தான் தம்பி முன்வாசல்ல போப்போறேன்," என்றார். அதற்கென்றே பூ அச்சிட்ட புதுப் பாத்தேக் சட்டை போட்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர், வெள்ளை மேசைவிரிப்பு. வாசலருகே தொட்டிகளில் உயிர்மீன்கள். நம் கொடுவாவுக்கு இங்கே சியாகாப் என்று பெயர், கிலோ எழுபது ரிங்கிட். அண்ணன் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினார்: "இது நான் நேத்து கொண்டாந்தது லா!"

உட்கார்ந்ததும், "மீன் சொல்லட்டுமா தம்பி?" என்றார்.

எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் காலையில் இட்லி வைத்தபோது அண்ணி, "பொரட்டாசி சனி, அதான் சைவம்," என்று சொல்லியிருந்தார். விரதம் பிடிக்கும் வீடு, எனக்காக முறிக்கப் பார்க்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"வேணாண்ணே. புரட்டாசியாச்சே, நான் சைவம்."

பச்சைப் பொய். எங்கள் நாகப்பட்டினத்து வீட்டில் புரட்டாசியிலும் மீன் குழம்புதான்.

அண்ணன் முகம் ஒரு கணம் வாடியது. "அலமாக், நான்ல யோசிச்சிருக்கணும்!" என்று மெனுவை மூடினார். கங்கோங் கீரையும் தோஃபுவும் வந்தன. கீரையில் பெலாச்சான் இறால் விழுது சேர்க்க வேண்டாம் என்று பரிசாரகரிடம் அவரே இரண்டு முறை சொன்னார். பக்கத்து மேசைக்கு இஞ்சி மணக்க ஆவியில் வெந்த சியாகாப் போனது. அது போன திசையையே அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூர் போய் நான் விமானம் ஏற வேண்டும். இரண்டு மணிக்குப் பேருந்து நிலையம் போகும் வழியில் அண்ணி அழைத்தார். காருக்குள் குரல் பெரிதாகக் கேட்டது.

"மீன் எப்படிங்க இருந்துச்சு?"

"தம்பி பொரட்டாசி புடிக்கிறாரு."

"நீங்களாச்சும் சாப்பிட்டிருக்கலாம்ல? நம்ம என்னிக்கு புடிச்சோம்? தம்பி ஊர்லேருந்து வந்திருக்காருன்னுதான் நான் சைவம் செஞ்சேன்."

"விருந்தாளி கீரை திங்கிறப்போ நான் எப்படி மீன் திங்கிறது?" என்ற அண்ணன், என் பக்கம் திரும்பினார். "ஊர்ல இன்னும் ஒழுங்கா இருக்கீங்க தம்பி. அத பாத்ததே எனக்குப் போதும்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிங்கப்பூர் பேருந்து பாலத்தில் ஊர்ந்தபோது எனக்கு அழுகையே வந்தது. ஆசையாக முன்வாசலில் நுழைந்த மனிதருக்குக் கீரை தின்னவைத்துவிட்டு வந்தேன்.

மறு சனிக்கிழமை நாகப்பட்டினத்தில் கொடுவா வறுவல். மனைவி தட்டில் வைத்த நேரம் அண்ணன் அழைத்தார்.

"தம்பி, நம்ம வீட்லயும் இந்த வாரத்துலேருந்து பொரட்டாசி புடிக்கிறோம். உங்களப் பாத்துத்தான்!"