சீனிக்குக் கடல் மீன்

பூனைத் தீனி விற்கும் கடைக்குப் போனால் எனக்குத் தலை சுற்றும். சூரை மீன் வாசனையில் ஒன்று, கோழி ஈரல் வாசனையில் ஒன்று, குட்டிக்கு, கிழட்டுப் பூனைக்கு, முடி கொட்டும் பூனைக்கு, வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கு என்று பொட்டலங்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். போன வாரம் என் பூனை வழக்கமான தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு, நான் ஏதோ அவமரியாதை செய்துவிட்டதுபோல எழுந்து போய்விட்டது. புதுப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்து பின்பக்கத்தைப் படித்தேன். பழைய உணவில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கவும் என்று போட்டிருந்தது. அதைப் படித்த பிறகு வெகுநேரம் நான் சென்னையில் இல்லை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்படி வாசலில், மடியில் மீன் தட்டோடு, எட்டு வயசுப் பெண்ணாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த சமயத்தில்தான் சாச்சாவுக்குக் கல்யாணம் நடந்தது. சாச்சா என்றால் அத்தாவின் தம்பி, சித்தப்பா. ஷார்ஜாவில் வேலை. விடுப்பு முடிந்ததும் அவர் விமானம் ஏறிவிட்டார். புதுப்பெண்ணான சாச்சி எங்கள் வீட்டில் தங்கினாள். அவளுக்கு ஊர் அதிராம்பட்டினம். அவர்கள் பக்கத்து வழக்கம் வேறு. அங்கே வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். சாச்சா ஒற்றைக்காலில் நின்று எங்கள் வழக்கப்படி அவளை இங்கே அழைத்து வந்துவிட்டார். அவர்கள் குடும்பத்தில் இன்னொரு வீட்டு அடுப்படியில் போய் நின்ற முதல் பெண் அவள்தான்.

அவளோடு ஒரு பூனைக்குட்டியும் வந்தது. கடற்கரை மணலின் நிறம். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு எங்கள் வாசற்படி ஏறியது. பெயர் சீனி. "சீர்ல பூனையும் உண்டா?" என்று மாமி கேட்டது தெருவெல்லாம் ஓடிச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தது. மாமி, அத்தாவின் அக்கா. அடுத்த வீடு. எங்கள் சட்டியில் என்ன கொதிக்கிறது என்பது அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால் மாமிக்குத் தெரிந்துவிடும்.

பூனைக்குச் சாப்பாடு வைக்கும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். பால் வைத்தேன், ஒரு வாய் நக்கிவிட்டு அன்று முழுக்க வயிற்றால் போனது. தயிர்ச்சோறு வைத்தேன், ரசச்சோறு வைத்தேன், என் பங்கு முட்டையின் மஞ்சள் கருவை ரகசியமாக வைத்தேன். குளத்து மீனை வைத்தால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பின்வாங்கியது. அது நாளுக்கு நாள் இளைத்தது. தூக்கினால் விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது. எனக்குப் பயமாக இருந்தது.

சாச்சியும் சீனியும் பகல் முழுக்க மாடி அறை ஜன்னலில்தான் இருப்பார்கள். வீட்டுக்குப் பின்னாலேயே வயல். குறுவை நடவுக்காகத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வானம் மொத்தமும் இறங்கி அதற்குள் படுத்திருக்கும். மத்தியான வெயிலில் அந்தத் தண்ணீரின் வெளிச்சம் அறைக்குள் வந்து மேல்தளத்தில் நெளியும். சாச்சி அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் பக்கத்தில் படுத்துப் பார்ப்பேன். மின்விசிறிச் சத்தமும், எங்கோ வாய்க்கால் மடையில் தண்ணீர் விழுகிற சத்தமும் கலந்து, தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாமல் போகும். "இங்க காத்துல உப்பே இல்ல" என்றாள் ஒருநாள். நான் எழுந்து ஜன்னல் கம்பிக்கு வெளியே நாக்கை நீட்டிப் பார்த்தேன். உண்மைதான், உப்பு இல்லை. இதைவிட வேறு எப்படிக் காற்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சாச்சியும் சரியாகச் சாப்பிடுவதில்லை. விரால் குழம்பு எங்கள் ஊரில் விருந்தாளிக்கு ஆக்குவது. அதையும் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பாள். எதிரே மாமி உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்ப்பாள். "என்ன புள்ள, எங்க ஊரு மீனு சேத்து வாடை அடிக்குதா?" என்பாள். "இல்லைங்க, வயிறு நெறஞ்சிடுச்சு" என்று சாச்சி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். "நாக்கு நீளந்தான்" என்று மாமி அம்மாவிடம் சொல்வாள். பூனை அடம் பிடித்தால் தெரு சிரிக்கும். புதுப்பெண் அடம் பிடித்தால் தெரு பேசும்.

எனக்கு அதெல்லாம் கவலையில்லை. சாச்சி பெரிய மனுஷி, பசித்தால் சாப்பிடுவாள். சீனிக்கு யார் இருக்கிறார்கள்? மஃரிப் தொழுகைக்குப் பிறகு சாச்சா வீடியோவில் வருவார். "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேங்க" என்பாள் சாச்சி. உடனே நான் போனை வாங்கிச் சீனியைக் காட்டுவேன். "இது சாப்பிட்டுச்சா?" "இல்ல சாச்சா, ஒண்ணுமே சாப்பிடல." பூனையைப் பற்றி மட்டும்தான் அந்த போனில் உண்மை போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் அத்தா சொல்வது காதில் விழுந்தது. "அவங்க அண்ணன் ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை வர்றாரு. புள்ள மெலிஞ்சுகிட்டே போவுது. அவரோட போயி அங்க கொஞ்ச நாள் இருக்கட்டும். பூனையையும் கொடுத்து அனுப்பிடுவோம்."

"இப்பப் போனா அவ திரும்பி வருவாளாங்க?" என்று அம்மா கேட்டாள். "நாமதான் சரியா வெச்சுக்கலன்னு ஆயிடும். தம்பி அங்கேருந்து என்ன செய்வாரு?"

பூனையையும் அனுப்பிவிடுவார்கள் என்பதற்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சீனியைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா வந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். பிறகு, "கெளம்பு, டாக்டர்ட்ட காட்டுவோம்" என்றாள்.

மாட்டாஸ்பத்திரியில் கன்றுக்குட்டியோடும் ஆட்டோடும் நின்றவர்கள் நாங்கள் கூடையைத் திறந்ததும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. சீனியின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"நோவு ஒண்ணுமில்லம்மா. ஊரு மாறின பூனை, வாசனை மாறிப்போச்சு. பாலை நிறுத்துங்க, அது சேராது. சோறும் வேண்டாம். மீனை உப்பு காரமில்லாம அவிச்சு, முள்ளெடுத்து, வெதுவெதுன்னு வைங்க. பூனை மூக்காலதான் மொதல்ல சாப்பிடும். எந்த மீனு தின்னு வளந்துச்சோ அதையே மொதல்ல குடுங்க. அப்புறம் நம்ம ஊரு மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக் கலங்க. ஒரேயடியா மாத்தாதீங்க. சுத்தி நின்னு வேடிக்கை பாக்காதீங்க."

கல்யாணப் பிரியாணிக்கு அளவு கேட்பவள் போல அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள். "ஆளு பாத்துக்கிட்டே இருந்தா சாப்பிடாதுங்களா?"

"நீங்க சாப்பிடுவீங்களா?" என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் மீன்காரரின் ஹாரன் கேட்டதும் அம்மா வாசலுக்கே போனாள். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டியில் ஐஸ் பெட்டி கட்டி வருபவர் அவர். "கடல் மீனு என்ன இருக்கு? பூனைக்கு வேணும்" என்றாள், மாமி வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும்படி. கிழங்கான் வாங்கினாள். அத்தா பையை எட்டிப் பார்த்துவிட்டு, "பூனைக்கு இவ்வளவா?" என்றார். "டாக்டர் சொல்லிட்டாருங்க" என்றாள் அம்மா. மாமி வந்து பார்த்து, "பூனைக்கு வந்த யோகத்தைப் பாரு" என்று சிரித்தாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

சீனியின் பங்கு என் உள்ளங்கை அளவுதான். அதை அவித்து, ஆறவிட்டு, நானே ஒவ்வொரு முள்ளாக எடுத்தேன். மிச்ச மீனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். "வீணாப் போவக் கூடாதுல்ல. உங்க ஊருல இதை எப்படி ஆக்குவீங்க? எனக்குத் தெரியல, கொஞ்சம் வந்து சொல்லு."

அம்மாவுக்கா மீன் ஆக்கத் தெரியாது? எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாச்சி இறங்கி வந்து, தேங்காயைத் தானே வாங்கித் துருவினாள். மாங்காய் இருக்கிறதா என்று கேட்டாள். அன்று அடுப்படியில் எழுந்த வாசனை எங்கள் வீட்டில் அதுவரை எழாத வாசனை. மாடியிலிருந்து சீனி தானாகவே இறங்கி வந்தது.

அடுத்து அம்மா ஒரு சட்டம் போட்டாள். பூனைக்குப் பழகிய ஆள் சாச்சி ஒருத்திதான். ஆகவே சாச்சியும் பூனையும் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டும். வேறு யாரும் உள்ளே போகக் கூடாது, பூனை மிரளும். மாமி தன் வழக்கமான இடத்தில் உட்கார வந்தபோது அம்மா பணிவாகத் தடுத்தாள். "மச்சி, நீங்க இங்கிட்டு வாங்க. டாக்டரு சொல்லியிருக்காரு." எங்கள் வீட்டில் மாமிக்கு ஒரு கதவு சாத்தப்பட்டது அதுதான் முதல் தடவை. முள் எடுத்துக் கொடுத்த என்னையும் வெளியே நிறுத்தியது அநியாயம் என்று எனக்குப் பட்டது. கதவில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். தட்டு உரசும் சத்தம். சாச்சி மெல்லிய குரலில் பூனையிடம் ஏதோ பேசுகிற சத்தம். ஒருநாள் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன்.

பிறகு அம்மா கலக்க ஆரம்பித்தாள். கிழங்கானோடு ஒரு சின்னத் துண்டு விரால். அடுத்த தடவை கொஞ்சம் கூட. இதில் எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. கலக்கச் சொன்னது பூனைக்கு. அம்மா குழம்புச் சட்டியிலும் கலந்தாள். கேட்டால், "ஆமால்ல, மறந்துட்டேன்" என்றாள். அம்மாவுக்கு அப்போது நிறைய மறந்துபோனது. இன்று அதை நினைத்தால் அம்மாவை உடனே போய்ப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

சீனியின் கன்னம் உப்பியது. அதற்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கிழங்கானின் வயிற்றுப் பக்கம் என்றால் உயிர். மத்தியைக் கண்டால் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடும். அண்ணன் வருவதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை அது கொல்லையில் மாமி வீசிய கெண்டைத் தலையைத் தின்றதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு நிம்மதியாகிவிட்டது. இனி இதை எந்த முகாந்திரத்தில் ஊருக்கு அனுப்புவார்கள்?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அத்தாவும் சாச்சியின் அண்ணனும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொடுவா மீன் கொண்டுவந்திருந்தார். பூனைக்கு என்று அம்மா போனில் சொல்லியிருந்தாளாம். மாமியும் வந்திருந்தாள். சாப்பாடு பாதியில் அத்தா தொண்டையைக் கனைத்தார். "தங்கச்சி விஷயமா ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தார். அடுத்தது பூனைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் நடுவில் நின்றேன்.

"சீனியை அனுப்ப வேண்டாம்! அது இப்ப எல்லாம் சாப்பிடுது. விரால் சாப்பிடுது, கெண்டை சாப்பிடுது. அதுக்குக் கடல் மீனே வேண்டாம்!"

அம்மாவின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. மாமிதான் மெதுவாகக் கேட்டாள். "அப்படின்னா இத்தனை நாளா வாங்குனதெல்லாம் யாருக்காம்?"

அம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். நல்ல செய்திதானே சொன்னேன், ஏன் இப்படி என்று தோன்றியது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து சாச்சியின் குரல் வந்தது. கூடத்தில் பெரியவர்கள் இருக்கும்போது அந்தக் குரல் அதுவரை கேட்டதில்லை. "சின்னப் புள்ள, தெரியாம சொல்லுது. சீனி இன்னும் பழகல. இன்னும் கொஞ்ச நாளைக்குக் கடல் மீன் வேணும்."

அவள் அண்ணன் சிரித்தார். "அவ்வளவு சிரமம் எதுக்கு? நான் போவும்போதே தூக்கிட்டுப் போயிடறேன். நீயும் வாயேன்."

"வேண்டாம் காக்கா." அண்ணனை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இப்பத்தான் சாப்பிட ஆரம்பிச்சிருக்கு. இங்கயே இருக்கட்டும். நானும் இருக்கேன்."

அத்தா ஆரம்பித்த பேச்சை முடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். அம்மா சட்டியைத் துழாவி, கொடுவாயின் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து மாமியின் தட்டில் வைத்தாள். மாமி அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பூனைக்கு நல்ல ருசி தெரியும் என்று ஒத்துக்கொண்டாள்.

நான் கோபமாகக் கொல்லைப்புறம் போனேன். வாய்க்கால் கரையில், நாற்றின் பச்சைக்கும் தண்ணீரின் வெளிச்சத்துக்கும் நடுவில், சீனி ஒரு கெண்டைத் தலையைக் காலால் அமுக்கிக்கொண்டு கண்ணை மூடித் தின்றுகொண்டிருந்தது. எனக்குச் சாச்சியை நினைத்துப் பாவமாக இருந்தது. தினமும் அதனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இது கூடத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் சீனியைப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலையில் ஹாரன் சத்தம் கேட்டதும் அம்மா வழக்கம்போல வாசலுக்குப் போனாள். மாடி ஜன்னலிலிருந்து சாச்சி எட்டிப் பார்த்து, அம்மாவை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டாள். "லாத்தா, மத்தி இருந்தாக் கேளுங்க. சீனிக்கு மத்தின்னா ரொம்பப் பிடிக்கும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா சிரித்துக்கொண்டே மத்தி வாங்கினாள்.